எல்டர் கன்னியப்பன்

அவனுடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லி நான் அவனைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதெல்லாம் அவனைப் பெற்றவர் பேரை. இதில் என் கொழுப்பு ஒன்றும் இல்லை. சட்டம் அப்படி.

நாங்கள் இரண்டு பேரும் ஆரணியில் மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் ஆகாத பையன்கள் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் வேற்றூரில் போய் ஊழியம் செய்ய வேண்டும். அந்த இரண்டு வருஷமும் ஒருவரையொருவர் 'எல்டர்' என்றுதான் அழைக்க வேண்டும். எல்டர் என்றால் மூப்பர். எனக்கு அப்போது மீசையே பாதிதான் வந்திருந்தது. ஆனாலும் மூப்பர்.

எல்டருக்குப் பின்னால் குடும்பப் பேர் வர வேண்டும். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேர் இருக்கிறது. ஆரணிக்காரனுக்கு ஏது? இருப்பது ஒற்றை இனிஷியல். கேட்ட இடத்தில் அந்த இனிஷியலை நீட்டி எழுதிக் கொடுத்தோம். சட்டையில் குத்திக்கொள்ளும் கறுப்பு பேட்ஜ் வந்தபோது பார்த்தால், அதில் நாங்கள் இல்லை. எங்கள் அப்பாக்கள் இருந்தார்கள்.

அவன் எல்டர் கன்னியப்பன். நான் எல்டர் பிச்சாண்டி.

பிச்சாண்டி என்பது வாசல் வாசலாகப் பிச்சைக்குப் போய் நின்ற சிவபெருமான் பேர். வெம்பாக்கம் பக்கத்தில் கூலி வேலை செய்த என் அப்பா வேறு ஆஸ்தி எதையும் விட்டுப் போகவில்லை, இந்தப் பேரைத்தான் விட்டுப் போனார். அதையும் என் சட்டையில் குத்திவிட்டார்கள். எங்களுக்கு வைத்த ஒழுங்கில் ஒன்று, கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது. அசல் பிச்சாண்டிக்கே அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

எங்களைக் குடிவைத்தது ஒரு ஜரிகைக் கடைக்கு மேலே இருந்த மாடியில். ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும், ஜெபம் பண்ண வேண்டும், படிக்க வேண்டும். பிறகு லேப்டாப்பைத் திறந்தால் எங்கோ இருக்கும் வாத்தியார் அதில் வருவார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். அந்தப் பாவத்துக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். சினிமா கூடாது, டீ கூடாது, காபி கூடாது, பெண்பிள்ளைகளோடு அரட்டை கூடாது. கடைசி விஷயத்தில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்பும் எந்தப் பெண்ணும் என்னோடு பேசியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம், ஜோடியைப் பிரியக் கூடாது என்பது. அவன் கண்ணில் நானும் என் கண்ணில் அவனும் எப்போதும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் புருஷன் பெண்டாட்டியே அப்படி இருப்பதில்லை. அவன் முடிவெட்டிக்கொண்டால் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவனுக்குப் பல்வலி என்றால் டாக்டர் எனக்கும் வாயைத் திறந்து பார்ப்பார்.

அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்ததால்தான் சொல்கிறேன், அவனிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. "சொல்லுங்க."

அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எதிரில் இருப்பவர் கொட்டிவிடுவார். நாங்கள் போவதோ நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வர. இவனோடு போனால் நாற்பது வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். எனக்கோ வாய்ப்பாடு மாதிரி எல்லாம் மனப்பாடம். எவனாவது வாயை மூட மாட்டானா, நாம் ஆரம்பிக்க மாட்டோமா என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டையைப் பார்த்ததும் ஊரில் எங்களை மருந்து கம்பெனி ரெப் என்று நினைத்தார்கள். காய்கறிக் கடைக்காரம்மா ஒருத்தி என்னை நிறுத்தி, "தம்பி, மூட்டுவலிக்கு உங்களாண்ட இன்னா மாத்திர கீது?" என்றார்.

"நாங்க மாத்திர கம்பெனி இல்லம்மா" என்று நான் ஆரம்பிப்பதற்குள் இவன், "எந்த கால்ல வலி? சொல்லுங்க" என்றான்.

போச்சு. வலது முட்டியில் ஆரம்பித்து, இடது முட்டி, மருமகள், மருமகளுடைய அம்மா என்று வலி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப தேவல தம்பி, உங்க மாத்திர நல்லா வேல செய்யுது" என்று ஒரு கட்டு கீரையைக் கையில் திணித்தார். அன்றைக்கு நாங்கள் போதித்தது பூஜ்யம். வாங்கிவந்தது அரைக்கீரை.

எங்கள் சபையின் கிளைத் தலைவரை எல்லோரும் பிரசிடெண்ட் என்போம். ரோட்டில் ஒருநாள் நான் போனில், "பிரசிடெண்ட், சொல்லுங்க பிரசிடெண்ட்" என்று பேசியதை ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். பஞ்சாயத்து பிரசிடெண்டின் ஆட்கள் என்று முடிவு கட்டி, தெருவிளக்கு எரியாததை எங்களிடம் புகார் செய்தார். நான் சிரித்துக்கொண்டு நகர்ந்தேன். இவன் நின்று முழுசாகக் கேட்டான். எந்தக் கம்பம், எப்போதிலிருந்து எரியவில்லை, யார் யார் தடுக்கி விழுந்தார்கள். கேட்டதோடு விட்டானா? போய் எங்கள் பிரசிடெண்டிடம் அத்தனையும் ஒப்பித்தான். பாவம், தறிக்கு உதிரிபாகம் விற்கிற மனுஷன் அவர். தெருவிளக்குக்கு என்ன செய்வார்? "அதுக்கு நான் இன்னா எல்டர் பண்றது?" என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் அலைந்து லைன்மேனைப் பிடித்து விளக்கை எரிய வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவே குழாய்ப் புகாரோடு எங்களைத் தேடிவந்தது.

டீயை மறுப்பதிலும் அவனுக்கு இந்த வித்தைதான். எங்கள் பக்கத்தில் டீ வேண்டாம் என்பது, உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதற்குச் சமம். நான் போகிற இடமெல்லாம், "வயிறு சரியில்ல" என்று சொல்லிச் சொல்லி, எனக்குத் தீராத பேதி என்று ஊரில் பேராகிவிட்டது. இவன் மறுக்கவே மாட்டான். டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்பான். அவர்கள் சொல்லச் சொல்ல டீ ஆறும். ஆடை படியும். கடைசியில் வீட்டுக்காரம்மாவே, "ஐயோ, பேசிகினே ஆறவுட்டுட்டேனே" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் மனசு நோகவில்லை, சட்டமும் மீறவில்லை.

லேப்டாப் பயிற்சியில் ஒருநாள் வாத்தியார் நடித்துக் காட்டினார். அவர் குடிகாரர், நாங்கள் அவருக்கு நல்லது சொல்ல வேண்டும். முதலில் என் முறை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், கைகால் ஆட்டிப் பொழிந்து தள்ளினேன். கண்ணைத் திறந்தால் வாத்தியார் வாயைப் பிளந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனுஷன் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எனக்குப் புல்லரித்தது.

"நெட்டு கட் ஆயி ரொம்ப நேரமாவுது" என்றான் இவன்.

"ஏன்டா சொல்லல?"

"நீ நல்லா சொல்லிகினு இருந்த. ஏன் கெடுக்கணும்னு கேட்டுகினு இருந்தேன்."

நெட் வந்ததும் அவன் முறை. குடிகார வாத்தியார் அலுத்துக்கொண்டு, "வாழ்க்கையே வெறுத்துப்போச்சு தம்பி" என்றார். இவன் தலையைச் சாய்த்தான். "சொல்லுங்க." வாத்தியார் கொஞ்ச நேரம் நடித்தார். பிறகு குரல் மாறியது. தன் கூடப் பிறந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைச் சொன்னார். இது பாடத்தில் இல்லையே என்று நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னைக்கி இவ்ளோ போதும் எல்டர்ஸ்" என்று ஸ்கிரீனை மூடிவிட்டார்.

இவ்வளவு பேரைப் பேசவைத்தவனோடு பேசாத ஆள் ஒருவர் இருந்தார். பேட்ஜில் இருந்தவர். அவன் அப்பா.

முள்ளிப்பட்டில் குழித்தறி போட்டுப் பட்டு நெய்கிற மனிதர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மகன் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு வாயை மூடியவர். திட்டவில்லை, அடிக்கவில்லை, வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். மகன் வாசலில் கால் வைத்தால் தறி வேகமாக ஓட ஆரம்பிக்கும். நின்றால்தானே பேச வேண்டும்?

பேட்ஜ் வந்த அன்று இரவு அவன் என்னிடம் கேட்டுக்கொண்டது இதுதான். "அது எங்க நைனா பேரு. மொட்டையா கூப்புடாத. எங்கம்மாகூட அந்த பேர வாயால சொன்னதில்ல."

நியாயம்தானே? அன்றிலிருந்து, "எல்டர் கன்னியப்பங்க, வெங்காயம் நறுக்குங்க" என்றும், "கன்னியப்பங்க, உங்க ஈர ஜட்டிய எம்மேல காயப் போடாதீங்க" என்றும், பேர் வருகிற இடத்தில் மட்டும் மரியாதையாகக் குடித்தனம் நடத்தினோம். முள்ளிப்பட்டு போகும்போது மட்டும் அந்தப் பேரை நான் எடுக்கவே கூடாது. அவனும் வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்து பேட்ஜை மறைத்துக்கொண்டுதான் உள்ளே போவான்.

பிரசிடெண்டிடம் அனுமதி வாங்கி அவன் வீட்டுக்குப் போனால், ஜோடிச் சட்டப்படி நானும் நடுவில் உட்கார வேண்டும். அவன் அப்பாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துத்தான் பேசுவார்.

"தம்பி, கூட வந்தவரு சாப்ட்டாரான்னு கேளு."

மகன் ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறான். நான் திரும்பி, "சாப்ட்டியா?" என்பேன்.

"சாப்ட்டேன்னு சொல்லு."

"சாப்ட்டானாம்."

"இன்னா சாப்ட்டாராம்?"

"உப்புமான்னு சொல்லு."

"உப்புமாவாம்."

"எவன் கிண்டனதாம்?"

"நாந்தாங்க."

"அதான் மூஞ்சி அப்டி கீது" என்று நூலைப் பார்த்துச் சொல்வார்.

உள்ளிருந்து அவன் அம்மா, "ஏங்க, அவன் காதுல உழுவுது இல்ல? அந்த புள்ளைய ஏன் பேஜார் பண்றீங்க?" என்பார். தறி இன்னும் வேகமாக ஓடும்.

பயிற்சி முடிந்து, போக வேண்டிய ஊரும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை சென்னை பஸ், அங்கிருந்து வடக்கே ரயில். நான் இருந்த ஒரு டையையும் இஸ்திரி போட்டுவிட்டேன். இவன் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"நான் வரல" என்றான்.

"இன்னாடா சொல்ற?"

"நைனா ஒரு வார்த்த பேசாம நான் எங்கயும் போவ மாட்டேன். ரெண்டு வருசம்டா. போன்னு சொல்லட்டும், போவாதன்னு சொல்லட்டும். எங்கிட்ட சொல்லணும்."

"போவாதன்னு சொல்லிட்டா?"

"அப்ப பேசலாம்ல?"

இவன் இல்லாமல் நான் எந்த ஊரில் போய் யாரோடு குப்பை கொட்டுவேன்? எனக்குப் பேசத் தெரியும். கேட்கத் தெரிந்தது அவனுக்குத்தானே? "வா, இன்னிக்கே போலாம்" என்று முள்ளிப்பட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினோம்.

போய் உட்கார்ந்தோம். தறி ஓடியது. அவன் அம்மா சுடுதண்ணீர் கொடுத்தார், குடித்தோம். தறி ஓடியது. நான் தொண்டையைச் செருமி, "வெள்ளிக்கெழம கெளம்பறோங்க" என்றேன். தறி பறந்தது. அரைப் புடவை முடிந்திருக்கும்போல. இவன் வாயே திறக்கவில்லை. கடைசியில் எழுந்து, "போலாம்" என்றான்.

திரும்பப் போகிற ஆட்டோ தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. நான் ஓடிப்போய் ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். இவன் வாசலிலேயே புத்தகத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறான். அவசரத்தில் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. தெருவே அதிரக் கத்தினேன்.

"எல்டர் கன்னியப்பா! ஜல்தி வாடா! ஆட்டோ போவுது!"

தறி நின்றது.

அந்தத் தறி நின்றதைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "கன்னியப்பண்ணே, உன்னத்தான் கூப்புட்றாங்கோ! ஆட்டோ கெளம்புதாம், ஜல்தி போவியாம்!" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார். அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். குழிக்குள்ளேயே பார்த்துப் பார்த்து, இவ்வளவு உயரம் இருப்பார் என்று நினைக்கவில்லை.

"எவன்டா அது, எம்பேர சொல்லி வாடா போடான்னது?"

"உங்கள இல்லீங்க. இவனங்க" என்றேன்.

"இவரு பேரு கன்னியப்பனா?"

"ஆமாங்க. இல்லீங்க. நான் பிச்சாண்டிங்க." எனக்கு நாக்கு குழறியது. "அதாவது எங்கப்பா பிச்சாண்டிங்க. நான் வந்து..."

இவன் புத்தகத்தைக் கீழே இறக்கினான். அவர் கிட்டப் போய், கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்து, பழக்கப்படி என் பக்கம் திரும்பினார்.

"இது எம்பேருப்பா."

"ஆமாங்க."

"அவரு பேரு எங்க?"

"அது கெடையாதுங்க. அப்பா பேர சொல்லித்தாங்க எல்லாரும் கூப்புடுவாங்க."

"எத்தினி நாளிக்கி?"

"ரெண்டு வருசங்க."

"ஊர் பேர் தெரியாதவன்லாமா?"

"வெள்ளக்காரங்ககூடங்க."

"டா போட்டா?"

"அய்யோ, இல்லீங்க. அது நான் மட்டுந்தாங்க. எனக்குப் படிப்பு இல்லீங்க."

அவர் மறுபடியும் அந்த பேட்ஜைப் பார்த்தார். பிறகு மெதுவாக முகத்தைத் தூக்கி, மகனை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"போவாத" என்றார்.

இவனுக்கு முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, பத்தாவது பாஸான பையன்களுக்கு அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"இன்னா நைனா?"

"போவாதன்றேன். காது கேக்கல? ஊர்ல கீறவன் மூட்டுவலி, முதுகுவலி, தெருவெளக்கு, எல்லாத்தையும் கேக்கறியாம். சந்தைல சொல்றாங்கோ. பெத்தவன் ஒருத்தன் இங்க குழியில குந்திகினு கீறேன். என்னாண்ட வந்து இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நீ பேசலயே நைனா."

"நீ கேக்கலயேடா!"

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் இவன் அந்த வார்த்தையை. அவர் பேசட்டும் என்று காத்துக்கொண்டிருந்ததில், அவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, "சொல்லு நைனா" என்றான்.

அவர் சொன்னார். ஆட்டோ போய்விட்டது. குலசாமிக்கு இனி யார் பொங்கல் வைப்பது என்றார். தங்கச்சி கல்யாணத்தில் மச்சான் முறை யார் செய்வது என்றார். அந்த ஊரில் நல்ல சோறு கிடைக்குமா, கோதுமை தின்றால் உனக்கு வயிறு கட்டிக்கொள்ளுமே என்றார். இடையில் ஒருமுறை என்னைக் காட்டி, "இவன் கிண்டற உப்புமாவ தின்னு ரெண்டு வருசம் உயிரோட இருப்பியா நீ?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

நடந்தே திரும்பினோம். இவன் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

"டேய், போவாதன்னுதான்டா சொன்னாரு" என்றேன்.

"ஆமா. ஆனா எங்கிட்ட சொன்னாரு."

மறுநாளும் போனோம். அவர் மீதிக் காரணங்களைச் சொன்னார். இவன் ஒன்றையும் வெட்டிப் பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "இது நானா எடுத்த முடிவு நைனா. போய்ட்டு வரேன்" என்றான். "போவாத" என்றார் அவர். அந்த இடத்திலேயே நின்றது பேச்சு.

வெள்ளிக்கிழமை ஆரணி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் புளிச்சோற்றுத் தூக்கு.

"போவாதடா" என்று சொல்லிக்கொண்டே மகனுடைய பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்தார். "சொன்னா கேளுடா" என்று சென்னை பஸ்ஸில் முண்டியடித்து ஏறினார். ஜன்னலோர சீட்டில் உட்காரப்போன ஒருவரிடம், "புள்ள தூரம் போவுதுப்பா, கொஞ்சம் எழுந்துக்கோ" என்று சண்டை போட்டு, துண்டை விரித்து இடம் பிடித்தார். "போவ வேணாம்" என்று பெட்டியை மேலே ஏற்றி, விழாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். மகனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பக்கத்தில் நான் உட்கார வேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

பஸ் கிளம்பிவிட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜோடி கண்ணில் பட வேண்டும் என்பதுதான் சட்டம், உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை.

கண்டக்டர் வந்து, "பெரியவரே, எங்க?" என்றார்.

"நான் எங்கயும் போவலப்பா. இவனத்தான் போவாதன்னு சொல்லிகினு கீறேன்."

"அத சொல்றதுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"செய்யாறுக்கு ஒண்ணு குடு. அங்க எறங்கிடுவேன்."

செய்யாறு வந்தது. கண்டக்டர் படியில் நின்று, "பெரியவரே, உங்க ஸ்டாப்பு! எறங்கலயா?" என்று கூவினார்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா எறங்கறது? ஒன்றர வருசத்து பேச்சு, இப்பத்தான் பாதி வந்துகீறேன். காஞ்சிபுரத்துக்கு ஒண்ணு குடு."